ஒரு விரல் தண்ணீர்



பத்து நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. "சார், உடம்புக்கு என்ன?" என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. உறுவையாறு வீட்டில் பாத்ரூம் வேலை. முழங்கால் வலிக்காக வெஸ்டர்ன் டாய்லெட் வைத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கொஞ்ச நாளாகவே ஒரு வாடை. பினாயில் ஊற்றினோம், எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டோம், வாடை போகவில்லை. வீட்டம்மா என்னைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் பிளம்பரைக் கூப்பிட்டேன்.

அந்தத் தம்பி கமோடைத் தூக்கிக் காட்டினார். "பாருங்க சார், அடியில வெறும் வெள்ளை சிமெண்ட் பூசிட்டுப் போயிருக்காங்க. லேசா ஆடுனாலே விரிசல் விட்டுடும். அந்த வழியாத்தான் காத்து வருது." பழையதைச் சுரண்டி, குழாய் வாயை ஈரமில்லாமல் துடைத்து, மெழுகு வளையம் ஒன்றை வைத்தார். அதன்மேல் கமோடை நேராக இறக்கி அழுத்தினார். "இனிமே ஆட்டக்கூடாது சார். ஆட்டுனா மெழுகு விலகிடும். அப்புறம் புது வளையம்தான் போடணும்" என்றார். அரைமணி நேர வேலை. வாடை போய்விட்டது.

ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. காரணம், 2024 ஜூன் 11. வில்லியனூரிலிருந்து டவுனுக்குப் போகும் வழியில் இருக்கிறதே ரெட்டியார்பாளையம், அங்கே புதுநகரில் அன்று காலை பாதாளச் சாக்கடையிலிருந்து கழிப்பறை வழியாக வீட்டுக்குள் விஷவாயு ஏறியது. ஒரு மூதாட்டி, அவருடைய மகள், 15 வயதுப் பள்ளி மாணவி என மூன்று பேர் இறந்தார்கள். கழிப்பறைக்குப் போனவர்கள் திரும்பவில்லை. அது யார் தவறு என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் நம் வீட்டுக்கும் சாக்கடைக்கும் நடுவே காவலுக்கு நிற்பது என்ன என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அந்த யோசனையைத்தான் இன்று ஒரு வரலாற்றுப் பாடமாக எழுதுகிறேன்.

அங்கே காவலுக்கு நிற்பது ஒரு விரல் தண்ணீர். கழிப்பறைப் பீங்கானுக்குள் குழாய் வளைந்து மேலேறி இறங்கும். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். கழிவு அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும், ஆனால் அந்தப் பக்கத்து வாயு இந்தப் பக்கம் வர முடியாது. இதைத்தான் 'வாட்டர் சீல்' என்கிறோம். தம்பி வைத்த மெழுகு வளையம் இதற்குத் துணைக்காவல். வளைவைத் தாண்டி வரும் வாயு இணைப்பு வழியாகக் கசியாமல் அது பார்த்துக்கொள்ளும்.

இவ்வளவு சின்ன விஷயத்தைக் கண்டுபிடிக்க மனிதனுக்கு எவ்வளவு காலம் ஆயிற்று தெரியுமா? இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் ராணியின் ஞானப்பிள்ளை ஜான் ஹாரிங்டன், தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடும் கழிப்பறையைப் பற்றி 1596-லேயே புத்தகம் எழுதினார். ஆனால் அதில் வளைவு இல்லை. அப்புறம் 179 வருஷம் கழித்து, 1775-இல், அலெக்சாண்டர் கம்மிங் என்ற ஸ்காட்லாந்துக்காரர் குழாயை வளைத்துக் காப்புரிமை வாங்கினார். அவருடைய தொழில் கடிகாரம் செய்வது!

வாடையை நிறுத்தியதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. கெட்ட காற்றுதான் காலராவைக் கொண்டுவருகிறது என்று லண்டன்காரர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். காற்று இல்லை, குடிக்கிற தண்ணீர்தான் காரணம் என்று 1854-இல் ஒரு தெருக் குழாயைச் சுட்டிக்காட்டினார் டாக்டர் ஜான் ஸ்நோ. மூக்கு ஒரு நல்ல காவல்காரன், ஆனால் அவனை முழுதாக நம்ப முடியாது. சாக்கடை வாயுவில் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மோப்ப உணர்வையே மரக்கடித்துவிடும். "வாடை நின்றுபோச்சே" என்று நினைக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம்.

புதுச்சேரிக்காரர்கள் நாம் பிரெஞ்சுக்காரர்களை மறக்கலாமா? நம் வீட்டுப் பின்புறம் இருக்கும் செப்டிக் டேங்க் பிரான்சிலிருந்து வந்த யோசனை. வெசூல் என்ற ஊரில் ஷான் லூயி மூரா என்பவர் 1860 வாக்கில் தன் வீட்டுக்கு ஒரு மூடிய தொட்டி கட்டினார். பல வருஷம் கழித்துத் திறந்து பார்த்தால், கெட்டியாக இருக்க வேண்டியது பெரும்பாலும் நீராகக் கரைந்திருந்தது. 1881-இல் காப்புரிமை வாங்கினார். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் செய்யும் வேலை அது. அதற்குக் கிடைத்த பெயர் 'தானியங்கித் துப்புரவாளர்'. தொட்டியே துப்புரவு செய்துகொள்கிறது, ஆள் வேண்டாம் என்று அர்த்தம்.

'ஆள் வேண்டாம்' என்று எழுதும்போது கை கொஞ்சம் நிற்கிறது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது நம் ஊரில் எல்லாருக்கும் வயல்வெளிதான். பெண்கள் விடியும் முன்னே போய்விடுவார்கள், இல்லையென்றால் இருட்டும்வரை அடக்கிக்கொள்வார்கள். லீவுக்கு டவுனில் உறவுக்காரர் வீட்டுக்குப் போவேன். அங்கே எடுப்புக் கக்கூஸ் இருந்தது. (கக்கூஸ் என்பது டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல்.) தினமும் காலையில் பின்பக்கச் சந்து வழியாக ஒரு அம்மா வருவார். தகரத்தைத் தூக்கி, வாரி, வாளியில் கொட்டிக்கொண்டு போவார். குடிக்கத் தண்ணீர் கேட்டால் கையில் கொடுக்க மாட்டார்கள், உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். என் பாட்டி வயது அவருக்கு. பொடிப்பயல் நான் அவரை "வா, போ" என்றுதான் பேசினேன். அவர் பெயர் என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை. உறவுகள் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். இதில் குற்றவாளி நானும்தான்.

கம்மிங் கண்டுபிடித்த ஒரு விரல் தண்ணீர் அந்த வீட்டில் இல்லை. அந்தத் தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மனுஷியை நிறுத்தி வைத்திருந்தோம். பீங்கான் விலை மட்டும் அதற்குக் காரணமில்லை. அந்த வேலையைச் செய்யவென்றே ஒரு சாதியை ஒதுக்கி வைத்திருந்ததால், பீங்கான் தேவை என்றே யாருக்கும் தோன்றவில்லை.

1901 கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் கழிப்பறை நாறியபோது காந்தி தானே துடைப்பம் எடுத்தார். 1950களில் கிராமத்துக்கு ஏற்ற மலிவான வாட்டர் சீல் கழிப்பறைக்கு ஆராய்ச்சி நடந்தது. அது நடந்த இடங்களில் ஒன்று நம் பக்கத்துப் பூந்தமல்லி. வளைவில் 20 மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் போதும், இரண்டு லிட்டருக்குள் ஊற்றினாலே கழுவிவிடும் என்று செய்து காட்டினார்கள்.

அந்த 20 மில்லிமீட்டர் பிறகு சட்டத்திலேயே ஏறியது. கையால் மலம் அள்ளுவதையும் உலர் கழிப்பிடம் கட்டுவதையும் தடைசெய்த 1993-ஆம் வருஷத்துச் சட்டம், வாட்டர் சீல் குறைந்தது 20 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று விளக்கம் சொன்னது. 1997 ஜனவரி 26-இல் அது அமலுக்கு வந்தபோது முதலில் ஆறு மாநிலங்களுக்கும் எல்லா யூனியன் பிரதேசங்களுக்கும் பொருந்தியது. ஆக, நம் புதுச்சேரிக்கு முதல் நாளிலிருந்தே அது சட்டமாக இருந்தது. ஒரு மனுஷியின் மானத்துக்கு நம் நாடு போட்ட அளவு ஒரு விரல்தான்! அந்த ஒரு விரலுக்குச் சுதந்திரத்துக்குப் பிறகும் 46 வருஷம் ஆயிற்று.

இன்னும் முடியவில்லை. வாளி போனது, செப்டிக் டேங்க் குழி வந்தது. பாதுகாப்பு இல்லாமல் ஆளைக் குழியில் இறக்குவதை 2013-ஆம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. அப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை 30 லட்சமாக்கியது. தொகை ஏறியதே, சாவு நிற்கவில்லை என்பதற்குச் சாட்சி.

மொகஞ்சதாரோ சாக்கடையை உங்களுக்கு எத்தனை வருஷம் பாடம் எடுத்தேன்! ஐந்து மார்க் கேள்வி, நீங்களும் மனப்பாடமாக எழுதினீர்கள். பின்பக்கச் சந்தில் வந்த அந்த அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. விட்டுப்போன பாடத்தை இன்று முடிக்கிறேன்.

வீட்டுப்பாடமும் உண்டு. வெளியூர் போகும் முன் பாத்ரூம் தரை ஜாலியில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். வாரக்கணக்கில் பூட்டிவைத்தால் வளைவுத் தண்ணீர் வற்றி, வாயுவுக்கு வழி திறந்துவிடும். செப்டிக் டேங்கின் காற்றுக் குழாயை அடைக்காதீர்கள், அது மொட்டைமாடிக்கு மேல் உயர்ந்து நிற்கட்டும். கமோடு ஆடினால் அன்றே பிளம்பரைக் கூப்பிடுங்கள். கழிப்பறையில் யாராவது மயங்கி விழுந்தால் உடனே உள்ளே பாயாதீர்கள். கதவு, ஜன்னலைத் திறந்து, உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள். தொட்டி நிறைந்தால் உறிஞ்சும் லாரியை வரவழையுங்கள். நூறு, இருநூறு மிச்சம் என்று எந்தப் பிள்ளையையும் உள்ளே இறக்காதீர்கள்.

வேலை முடிந்து கிளம்பும்போது பிளம்பர் தம்பிக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். செம்பைக் கையில்தான் கொடுத்தேன். பெயரையும் கேட்டுக்கொண்டேன்.