வேல்ஸ் கோட்டைகளும் ஒரு தலைமை மேஸ்திரியும்

இங்கிலாந்துப் பக்கம் வர்ற நம்மாளுங்க லண்டன்ல நாலு இடம் பார்த்து, போட்டோ புடிச்சுக்கிட்டு ஊர் திரும்பிடறாங்க. நாலு நாள் லீவு கையில இருந்தா வட வேல்ஸுக்குப் போங்க மக்களே. கான்வி, கர்னார்வன், ஹார்லெக், பியூமாரிஸ்னு நாலு கோட்டை, கிட்டக்கிட்டத்தான் இருக்கு. 1986-லயே நாலும் சேர்ந்து யுனெஸ்கோ பட்டியல்ல ஏறியாச்சு. நாங்க போனப்போ நாலு நாளும் மழை. அதனால கூட்டமே இல்லை, அதுவும் நல்லதுக்குத்தான்.

ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன். இதெல்லாம் வேல்ஸ்ல இருக்கிற கோட்டைகள்தான், ஆனா வேல்ஸ்காரங்களோட கோட்டைகள் இல்லை. அவங்களை அடக்கி வைக்கறதுக்காக இங்கிலாந்து ராஜா முதலாம் எட்வர்ட் கட்டினது. 1282 டிசம்பர்ல வேல்ஸ் இளவரசர் லூவெலின் கொல்லப்பட்டார். அவர் தம்பி தாவித் அடுத்த வருஷம் மாட்டினார். ஷ்ரூஸ்பரியில அவரைக் குதிரையில கட்டி இழுத்து, தூக்குல போட்டு, உடம்பை நாலு துண்டா வெட்டினாங்க. தாவித் பிடிபடறதுக்கு முன்னாடியே கான்வியில கோட்டை வேலை ஆரம்பிச்சாச்சு. அவ்வளவு அவசரம்!

கான்வியில அந்த இடத்தை எதுக்குத் தேர்ந்தெடுத்தாங்கன்னு பார்த்தாலே எட்வர்டோட மனசு புரிஞ்சிடும். அங்கே ஏற்கெனவே ஒரு மடாலயம் இருந்தது. வேல்ஸ்காரங்க 'மகா' பட்டம் கொடுத்துக் கொண்டாடற பழைய லூவெலினை (மேலே சொன்னவரோட தாத்தா, 1240-ல காலமானவர்) அடக்கம் பண்ணின இடம் அதுதான். துறவிகளை மூட்டை கட்டச் சொல்லி ஆத்தோரமா சில மைல் தள்ளி அனுப்பிட்டு, அதே இடத்துல கோட்டையும் ஊரும் மதிலும் எழுப்பினாங்க. எட்டு பெரிய கோபுரம். ஊரைச் சுத்தி 1.3 கிலோமீட்டர் மதில், அதுல 21 கோபுரம். சுமாரா நாலே வருஷத்துல, 1287-க்குள்ள, முக்கால்வாசி முடிச்சுட்டாங்க. செலவு 15,000 பவுண்டு, அந்தக் காலத்துக் காசுல! அப்போ வெளிச்சுவர் முழுக்க வெள்ளையடிச்சு வச்சிருந்தாங்களாம். மலை மேல நிக்கிறவன் கண்ணுல எவ்வளவு தூரத்துல இருந்தும் உறுத்தணும் இல்லையா.

மதில் மேலயே இன்னிக்கும் நடந்து போகலாம். தெற்குப் பக்கம் மதில்ல இருந்து வெளியே நீட்டிக்கிட்டு வரிசையா 12 கழிப்பறை இருக்கு, ராஜாவோட அலுவலக ஆளுங்களுக்காகக் கட்டினது. தங்கமணி அதைத்தான் ரொம்ப நேரம் ஆராய்ச்சி பண்ணினாங்க :-)

இதையெல்லாம் கட்டினது யாரு? சவாய் நாட்டுல இருந்து எட்வர்ட் கூட்டிக்கிட்டு வந்த ஜேம்ஸ்னு ஒரு கொத்தனார். செயின்ட் ஜார்ஜ் ஜேம்ஸ்னு ஆவணங்கள்ல பேர். நம்ம ஊர் பாஷையில தலைமை மேஸ்திரி. தினம் மூணு ஷில்லிங் சம்பளம், அதுவும் ஆயுசுக்கும். நடுவுல மூணு வருஷம் ஹார்லெக் கோட்டைக்குத் தலைவராவும் இருந்தார். அவரோட கெட்டிக்காரத்தனம் காவல்காரங்க எண்ணிக்கையில தெரியுது. இவ்வளவு பெரிய கான்விக்கு 1284-ல ஒதுக்கின ஆளுங்க 30 பேர்தான், அதுல 15 பேர் குறுக்குவில்காரங்க. மிச்சத்தைச் சுவரே பார்த்துக்கும்னு கணக்கு.

அந்தக் கணக்கு எங்கே தப்பிச்சு தெரியுமா? 1401 புனித வெள்ளி. காவல்காரங்க எல்லாம் கோட்டையை விட்டு ஊருக்குள்ள சர்ச்சுக்குப் போயிட்டாங்க, காவலுக்கு ரெண்டே பேர். தச்சு வேலைக்கு வந்தவன்னு சொல்லிக்கிட்டு ஒருத்தன் உள்ளே நுழைய, பின்னாடியே டியூடர் சகோதரர்கள் ரைஸும் க்விலிமும் நாற்பது பேரோட புகுந்துட்டாங்க. கோட்டை அவ்வளவுதான்! கொஞ்ச மாசத்துல பேரம் பேசித் திருப்பிக் கொடுத்தாங்கங்கறது வேற கதை. இவங்க கூடப் பிறந்த இன்னொருத்தர் மரெதித். அவரோட கொள்ளுப்பேரன்தான் 1485-ல இங்கிலாந்து ராஜாவான ஏழாம் ஹென்றி. எட்வர்ட் கல்லறையில புரண்டு படுத்திருப்பார்.

கர்னார்வன் கோட்டை வேற ரகம். பட்டை பட்டையா நிறம் மாறுற கல்லு, பல பட்டை வச்ச கோபுரம், கான்ஸ்டான்டினோபிள் மதிலை மனசுல வச்சுக் கட்டினதுன்னு சொல்றாங்க. 1284 ஏப்ரல்ல எட்வர்டோட மகன் இங்கேதான் பிறந்தான். "இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாத, வேல்ஸ்ல பிறந்த இளவரசனைத் தர்றேன்"னு ராஜா வாக்குக் கொடுத்துட்டு இந்தக் குழந்தையைத் தூக்கிக் காட்டினார்னு ஒரு கதை சொல்வாங்க. நம்பாதீங்க. அந்தக் கதை எழுத்துல வர்றதே 16-ம் நூற்றாண்டுலதான். அதுவும் போக, குழந்தை பிறந்தப்போ அண்ணன் அல்ஃபோன்ஸோ உயிரோட இருந்தான், பட்டத்துக்கு அவன்தான் வாரிசு. தம்பிக்கு வேல்ஸ் இளவரசர் பட்டம் வந்தது 1301-லதான். ஆனா கதைக்கு இருக்கிற பலத்தைப் பாருங்க, 1969-ல சார்லஸுக்குப் பட்டம் சூட்டின விழாவும் இதே முற்றத்துலதான் நடந்தது.

ஹார்லெக் பாறை உச்சியில இருக்கு. ஒரு காலத்துல அடிவாரத்துல கடல் இருந்தது, இப்போ அரை மைலுக்கும் மேல விலகிப் போயிடுச்சு. முழங்கால் வலிக்காரங்க கீழே இருந்து ஏற வேண்டாம்.

என்னைக் கேட்டா பியூமாரிஸ்தான் மனசைப் பிசையுது. 1294-ல மடோக்ங்கறவர் தலைமையில வேல்ஸ்காரங்க கிளம்பி, அரைகுறையா நின்ன கர்னார்வனைப் பிடிச்சுட்டாங்க. கலகத்தை அடக்கினதும் 1295-ல எட்வர்ட் கட்டச் சொன்ன கோட்டை இது. பக்கத்துல லான்வைஸ்னு நல்லா வியாபாரம் நடந்துக்கிட்டிருந்த வேல்ஸ் ஊர். ஊர் ஜனத்தையே கிளப்பித் தீவோட இன்னொரு மூலைக்குத் துரத்தினாங்க. அவங்களைக் குடிவச்ச இடத்துக்குப் பேர் நியூபரோ, புது ஊர்! 1296-ல மேஸ்திரி ஜேம்ஸ் கஜானாவுக்குப் போட்ட கடிதம் இன்னும் இருக்கு. 400 கொத்தனார், 2,000 சித்தாள், கல் உடைக்கறவங்க 200 பேர், எல்லாருக்கும் கூலி பாக்கி, பணம் அனுப்புங்கன்னு கெஞ்சறார். எழுநூறு வருஷம் ஆனாலும் காண்ட்ராக்டர் கதை ஒண்ணுதான். ஆனா ஸ்காட்லாந்துச் சண்டைக்கே காசு போயிடுச்சு. அழகான திட்டம், கோட்டைக்குள்ள கோட்டை, ஆனா கோபுரங்கள் பாதி உயரத்துலயே நின்னுபோச்சு.

இதெல்லாம் பழங்கதைன்னு நினைக்காதீங்க. ஃபிளின்ட்ங்கற ஊர்லயும் எட்வர்டோட கோட்டை ஒண்ணு இருக்கு. 2017-ல அங்கே பெரிய இரும்பு வளையச் சிற்பம் வைக்கறதா அரசாங்கம் அறிவிச்சது. எட்வர்டோட கோட்டை வரிசைக்கு 'இரும்பு வளையம்'னுதான் பேர். எங்களை நெரிச்ச வளையத்துக்கு எங்க காசுலயே சிலையான்னு ஆயிரக்கணக்கான பேர் கையெழுத்துப் போட, சில வாரத்துலயே திட்டத்தைக் கைவிட்டாங்க.

எட்வர்ட் இந்த மதிலுக்குள்ள குடிவச்சது இங்கிலீஷ்காரங்களை. வேல்ஸ்காரங்க உள்ளே வீடு வாங்கக் கூடாதுன்னு சட்டமே போட்டிருந்தாங்க. இன்னிக்குக் கர்னார்வன் ஊர்ல முக்கால்வாசிக்கு மேல வெல்ஷ் பேசறவங்க. மதிலுக்குள்ள கடையில, பஸ் ஸ்டாப்புல, பிள்ளைங்க சண்டையில எல்லாம் வெல்ஷ்தான். அவங்க பாஷையில ரெண்டு 'எல்' சேர்ந்து ஒரு எழுத்து, நாக்கை மடக்கிக் காத்தை ஊதணும். நம்ம 'ழ'வுக்கு வெள்ளைக்காரன் படற பாட்டை நாம அங்கே படலாம். டீக்கு அந்தப் பக்கம் 'பனட்'னு சொல்வாங்க. மழைக்குக் கர்னார்வன் மதிலோரக் கடையில ஒதுங்கினா அப்படியே கேட்டுப் பாருங்க.