குத்துப்பைக்கு அப்பால்: ஒரு பார்க்கின்சன் பயிற்சி ஆய்வின் மறுவாசிப்பும் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களும்

பார்க்கின்சன் நோயாளிகளுக்கு எதிராளி இல்லாத குத்துச்சண்டைப் பயிற்சி அளிப்பது பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 2013இல் வெளியான ஓர் ஆய்விடமே வந்து நிற்கின்றனர். குத்துச்சண்டை பிற பயிற்சிகளைவிட மேலானது என்பதற்கு ஒரு சாரார் அதைச் சான்று காட்டுகின்றனர். மேலானது என்று அந்த ஆய்வே நிறுவவில்லை, ஆகவே நம் ஊர்களுக்கு இது வேண்டாத ஆடம்பரம் என்று மறுசாரார் அதே பக்கங்களைப் புரட்டிச் சொல்கின்றனர். இரு சாராரும் ஆய்வின் முடிவைப் படித்த அளவுக்கு அதன் அமைப்பைப் படிக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். அமைப்பைப் படித்தால், பெரம்பலூர், அரியலூர் போன்ற மாவட்டங்கள் கவலைப்பட வேண்டியது குத்துப்பையைப் பற்றி அல்ல என்பது விளங்கும்.

இண்டியானாபோலிஸில் 2006இல் பார்க்கின்சன் நோயாளிகளுக்கான ‘ராக் ஸ்டெடி பாக்சிங்’ பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கிய முன்னாள் அரசு வழக்கறிஞர் ஸ்காட் நியூமனுக்கு நாற்பது வயதிலேயே இந்நோய் கண்டிருந்தது. 2011இல் குத்துச்சண்டை பயின்ற ஆறு நோயாளிகளைப் பற்றிய தொடர் பதிவு ஒன்று வந்தது. 2013 ஆய்வு அதன் அடுத்த படி. அதில் 31 பேர் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். இரு குழுவுக்கும் 12 வாரங்களில் 24 முதல் 36 அமர்வுகள். ஒவ்வோர் அமர்வும் 90 நிமிடம். குத்துச்சண்டைக் குழுவினர் தசை நீட்சி, தசை வலுவூட்டல், மூச்சு வாங்க வைக்கும் பயிற்சி ஆகியவற்றோடு பக்கவாட்டுக் கால்வைப்பும் பையைக் குத்துதலும் செய்தனர். வழக்கமான பயிற்சிக் குழுவினரும் முதல் மூன்றையும் செய்தனர். குத்துதலுக்குப் பதிலாக அவர்களுக்குச் சமநிலைப் பயிற்சி தரப்பட்டது. ஆக, ஒப்பிடப்பட்டவை நான்கில் மூன்று கூறுகள் பொதுவாக உள்ள இரண்டு திட்டங்கள். குத்துச்சண்டையை உடற்பயிற்சியின்மையோடு ஒப்பிட்ட ஆய்வு அல்ல இது. முடிவில் சமநிலை, நடமாட்டம், வாழ்க்கைத் தரம் மூன்றிலும் இரு குழுக்களும் நன்றாகவே முன்னேறின. நடை வேகத்திலும் நீண்ட தூரம் நடக்கும் திறனிலும் குத்துச்சண்டைக் குழு மட்டுமே புள்ளியியல் பொருளுடைய முன்னேற்றம் காட்டியது. சமநிலை குறித்த தன்னம்பிக்கையில் வழக்கமான குழுவே முந்தியது.

குத்துச்சண்டையின் தனிச்சிறப்புக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது நடை பற்றிய முடிவு. ஒரு குழுவின் முன்னேற்றம் பொருளுடையதாகவும் மற்றொன்றின் முன்னேற்றம் அந்த எல்லையை எட்டாமலும் இருந்தால், இரு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடு பொருளுடையது என்று ஆகிவிடாது. முதல் குழு எல்லைக்கோட்டைச் சற்றே தாண்டியும் இரண்டாவது சற்றே பின்தங்கியும் இருக்கலாம். இடைவெளியை நேரடியாகச் சோதித்தால்தான் எதையும் சொல்ல முடியும். அப்படிச் சோதித்தபோது தெளிவாக நின்ற வேறுபாடு தன்னம்பிக்கையில் மட்டுமே இருந்தது, அதுவும் எதிர்த்திசையில். நீண்ட நடைத்திறனில் இரு குழுக்களுக்கும் இடையே 0.65 என்ற நடுத்தர விளைவளவு இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. அதற்கு உடலியக்கக் காரணமும் சொல்லலாம். இடது காலை முன்வைத்து, வலது குதிகாலை உயர்த்தி, இடுப்பைத் திருப்பி வலக்கையை முழுதாக நீட்டும் ஒரு குத்தில் எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறுகிறது, உடற்பகுதி சுழல்கிறது, அசைவு பெரிதாகிறது. இந்நோய் முதலில் பறிப்பது இவற்றைத்தான். எனினும் 31 பேரிடம் கண்ட ஒரு விளைவளவு மேலாய்வுக்குத் தூண்டலாகலாம், தீர்ப்பாகாது.

தன்னம்பிக்கை முடிவை வைத்துக் குத்துச்சண்டையைத் தள்ளிவிடுவோரின் வாசிப்பும் இதே அளவு பலவீனமானது. சமநிலையை நேரடியாகப் பயின்றவர்கள் அதில் கூடுதல் நம்பிக்கை பெற்றது வியப்பல்ல. பயின்றது பலித்தது, அவ்வளவே. அந்த நம்பிக்கையை அளந்த கருவியையும் பார்க்க வேண்டும். பரவலாகப் பயன்படும் அந்த அளவுகோலில் 16 செயல்கள் உள்ளன. ஒவ்வொன்றையும் விழாமல் செய்வோம் என்ற நம்பிக்கையைச் சுழியம் முதல் நூறு வரை நோயாளியே மதிப்பிடுகிறார். நகரும் படிக்கட்டில் ஏறுவது, வாகன நிறுத்துமிடத்தைக் கடப்பது, பனி உறைந்த நடைபாதையில் நடப்பது ஆகியன அவற்றுள் சில. வேப்பந்தட்டையிலோ செந்துறையிலோ இவற்றைக் கேட்பதில் பொருளில்லை. இங்கே கேட்க வேண்டியவை வேறு: டவுன் பஸ்ஸின் உயரமான முதல் படி, ஈர வரப்பு, குந்தி அமரும் கழிப்பறையிலிருந்து எழுதல், முந்திரித் தோப்பில் குனிந்து கொட்டை பொறுக்கி நிமிர்தல், திங்களிலும் வெள்ளியிலும் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் கூடும் நெரிசல். அளவுகோல் மாறினால் எந்தப் பயிற்சி முந்தும் என்பதும் மாறலாம். ஒரு மதிப்பெண் வேறுபாட்டைக் கொண்டு ஒரு பயிற்சி முறையையே நம் மாவட்டங்களுக்கு ஆகாது என்று ஒதுக்குவது அவசரம்.

இவ்வளவு சிறிய ஆய்வில் வேறுபாடு தெரியவில்லை என்பதால் இரண்டும் சமம் என்றாகிவிடுமா என்று கேட்பது முறையே. ஆகாதுதான். ஆனால் இந்த ஆய்வு தனியாக நிற்கவில்லை. 150க்கும் மேற்பட்ட குலுக்கல் முறை ஆய்வுகளை ஒருங்கே வைத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, பெரும்பாலான உடற்பயிற்சி வகைகள் பயன் தருவதையும், வகைக்கு வகை வேறுபாடு சிறிதாகவே இருப்பதையும் காட்டியது. மாறாக, பயிற்சியின் கடுமை வேறுபாட்டை உண்டாக்கியதற்கு 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வு சான்று. அதில் மருந்து தொடங்காத 128 பேர் பங்கேற்றனர். ஆறு மாதத்தில், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களின் இயக்கக் குறைபாட்டு மதிப்பெண் சராசரியாக 3.2 கூடியது, உச்ச இதயத்துடிப்பில் 80 முதல் 85 விழுக்காட்டை எட்டும்படி நடைப்பொறியில் நடந்தவர்களுக்கு 0.3 மட்டுமே கூடியது. மிதமாக நடந்தவர்கள் இடையில் நின்றனர். பயிற்சியின் பெயரைவிட அதன் அளவும் கடுமையும் தொடர்ச்சியும் முக்கியம் என்ற முடிவுக்கு இவை சேர்ந்தே இட்டுச் செல்கின்றன. 2013 ஆய்வின் இரு குழுக்களுக்கும் பொதுவாக இருந்தவையும் இவையே: வாரம் இரண்டு மூன்று முறை, ஒன்றரை மணி நேரம், குழுவாக, ஒருவர் கண்காணிப்பில்.

இந்த வாசிப்பு நம் இரு மாவட்டங்களிலும் எதைக் கோருகிறது? 2011 கணக்கெடுப்பின்படி இரண்டிலும் சேர்த்து 13.2 லட்சம் பேர். பெங்களூரு வட்டாரத்தில் நடந்த சமூக ஆய்வு கண்ட, லட்சத்துக்கு 33 என்ற வீதத்தைப் பொருத்தினால் சுமார் 435 நோயாளிகள்; பத்து ஒன்றியங்களுக்குப் பகிர்ந்தால் ஒன்றியத்துக்கு நாற்பதுக்கு மேல். தோராயக் கணக்குதான், மக்கள்தொகையில் முதியோர் பங்கு கூடிவருவதால் குறைவாகவே சொல்வதாகவும் இருக்கலாம். எப்படியாயினும் ஒன்றியத்துக்கு ஒரு பயிற்சிக் குழு அமைக்க ஆள் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறைச் சிகிச்சை உண்டு. படுக்கையில் இருப்பவருக்கு அது பெரும் உதவி. ஆனால் எழுந்து நடமாடும் பார்க்கின்சன் நோயாளிக்கு, இடைவெளி விட்டு வரும் தனி வருகையால் மேற்கண்ட அளவும் கடுமையும் கிட்டா. அவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சமுதாயக் கூடத்துக்கோ வாரம் இருமுறையாவது, மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் வந்து, நான்கைந்து பேரோடு சேர்ந்து வியர்க்க வேண்டும். பொதுவான மூன்று கூறுகளும் அங்கே இருக்கட்டும். சமநிலைப் பயிற்சிக்கு மேற்சொன்ன உள்ளூர்ச் செயல்களே பாடமாகட்டும். குத்துப்பை கிடைத்தால் மாட்டலாம். கிடைக்காவிட்டால், பயிற்சியாளரின் உள்ளங்கையை இலக்காக நீட்டித் தொடாமல் குத்தச் சொன்னாலும் கால்வைப்பும் உடற்சுழற்சியும் கிடைத்துவிடும்.

எஞ்சிய மறுப்புகளில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. 1980இல் சென்னையில் காட்சிப் போட்டி ஆடிய முகமது அலிக்கு 1984இல் இந்நோய் கண்டறியப்பட்டதைச் சுட்டிக் குத்துச்சண்டையே ஆபத்து என்போர், தலையில் அடிவாங்குவதற்கும் பையைக் குத்துவதற்கும் உள்ள வேறுபாட்டை மறக்கின்றனர். காட்டு வேலை செய்பவருக்குத் தனிப் பயிற்சி எதற்கு என்போர், நோய் முற்றும்போது முதலில் நிற்பது அந்த வேலைதான் என்பதைக் காண்பதில்லை. பெண்கள் வரமாட்டார்கள் என்பது சோதித்துப் பார்க்காத ஊகம். கீழே விழும் அச்சம் மட்டுமே எடையுள்ளது. நோய் முற்றியவர் ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு துணை நிற்க வேண்டும், அதற்கு ஆள்பலம் வேண்டும். திட்டத்தின் செலவு பெரும்பாலும் அங்கேதான் போகும். 2013 ஆய்வை நேர்மையாகப் படித்தால் அது குத்துச்சண்டைக்கு வெற்றியும் தரவில்லை, தோல்வியும் தரவில்லை. ஒழுங்கான அளவில், கண்காணிப்போடு, குழுவாகச் செய்த பயிற்சி இரு வடிவிலும் பலித்தது என்பதே அதன் உறுதியான செய்தி. எனவே பெரம்பலூரிலும் அரியலூரிலும் நிதி ஒதுக்குவோர் கருவிப் பட்டியலுக்கு முன் பயிற்சியாளர்களின் வார அட்டவணையைத் தயாரிக்க வேண்டும்.