குருவானவர் இல்லாத முப்பதாண்டுகள்: ஒல்லாந்தர் ஆட்சியில் ஈழத்துக் கத்தோலிக்கர்

ஈழத்தில் ஐரோப்பியர் ஆட்சி நிலவிய காலத்துச் சமய வரலாற்றை ஆராய்வோர், ஆட்சியாளரின் கொள்கைகளையும், இடிக்கப்பட்ட கோயில்களையும், எழுப்பப்பட்ட தேவாலயங்களையும், மதம் மாறியோரின் தொகையையுமே பெரிதும் முதன்மைப்படுத்துவர். இவ்வாறு நோக்குமிடத்துச் சமயம் என்பது அரசு கொடுப்பதும் அரசு பறிப்பதுமான ஒரு பொருளாகவே தோற்றமளிக்கும். கிறிஸ்தவத்தைப் பொறுத்தவரை இக்கருத்து மேலும் வலுப்பெறுவது இயல்பே. பறங்கியர் வந்தனர், மதம் வந்தது. பறங்கியர் போயினர், மதம் மட்டும் எஞ்சியது என்று கூறிவிட்டு அப்பாற் செல்வோர் பலர். அது எவ்வாறு எஞ்சியது என்னும் வினாவை எழுப்புவோர் சிலரே.

1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. 1687ஆம் ஆண்டில் யோசேவ்வாஸ் அடிகளார் யாழ்ப்பாணம் வந்தடைந்தார். இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ முப்பது ஆண்டுக்காலம் ஈழத்துக் கத்தோலிக்கருக்கு நிலையான குருவானவர் எவரும் இருந்திலர். ஆலயமும் இல்லை, அரசின் ஆதரவும் இல்லை. அரசின் பகை மட்டும் இருந்தது. அந்நிலையிலும் அவர்தம் விசுவாசம் அழியவில்லை. அதற்குரிய காரணங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற நிலை

ஈழத்துத் தமிழ்க் கத்தோலிக்கரின் வரலாறு துன்பத்துடனேயே தொடங்குகின்றது. பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவானவரிடம் ஞானஸ்நானம் பெற்ற மன்னார் மக்கள், 1544ஆம் ஆண்டில் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணைப்படி கொல்லப்பட்டனர். அவர்தொகை ஏறத்தாழ அறுநூறு என்பது கிறிஸ்தவ மரபு. அவ்வேளையில் மன்னாரிற் போர்த்துக்கேயர் ஆட்சி ஏற்பட்டிருக்கவில்லை என்பது கருதத்தக்கது.

எனினும் 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசு வீழ்ச்சியுற்ற பின்னர் நிலைமை முற்றிலும் மாறியது. நல்லூர்க் கந்தசுவாமி கோயில் உட்படச் சைவாலயங்கள் பல இடிக்கப்பட்டன. ஆட்சியாளரின் சமயத்தைத் தழுவியோர் சலுகை பெற்றனர். அச்சத்தினால் மதம் மாறியோரும், ஆதாயங் கருதி மாறியோரும், உள்ளம் உணர்ந்து மாறியோரும் ஒரே பதிவேட்டிற் கலந்து கிடந்தனர். அன்றைய கத்தோலிக்கரின் தொகையை வைத்து அவர்தம் விசுவாசத்தின் ஆழத்தை அளவிட முயல்வது பொருந்தாது. இவ்வுண்மையை மறைத்துவிட்டுப் பிற்காலத் துன்பங்களை மட்டும் எடுத்துரைப்பது வரலாற்றுக்கு நீதியாகாது. நெல்லும் பதரும் கலந்திருந்த அக்களத்திற் காற்று வீசியது 1658இன் பின்னரே.

ஒல்லாந்தரின் ஒடுக்குமுறை

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியார் வணிகர். ஆயினும் கத்தோலிக்க சமயத்தை அவர்கள் வெறும் சமயமாகக் கருதவில்லை. கத்தோலிக்கன் ஒவ்வொருவனும் போர்த்துக்கேயரின் மறைமுக ஆதரவாளன் என்பதே அவர்தம் ஐயம். ஆதலாற் கத்தோலிக்கக் குருமார் நாட்டினின்றும் வெளியேற்றப்பட்டனர். குருவானவர் ஒருவருக்குப் புகலிடம் அளிப்போர்க்கு மரண தண்டனை விதிக்கும் பிரகடனம் 1658ஆம் ஆண்டிலேயே வெளியிடப்பட்டது. கத்தோலிக்க தேவாலயங்கள் சீர்திருத்தத் திருச்சபைக்கு உரியனவாக்கப்பட்டன.

இவற்றைவிட நுட்பமான கருவியொன்றும் அவர்களிடம் இருந்தது. அதுவே பாடசாலைத் தோம்பு. ஒவ்வொரு கோவிற்பற்றிலும் தேவாலயத்தை ஒட்டிப் பாடசாலை அமைந்தது. பிறப்பும் ஞானஸ்நானமும் விவாகமும் அங்கேயே பதியப்பட்டன. சீர்திருத்தத் திருச்சபையின் முறைப்படி பதிவு பெறாத விவாகம் சட்டத்தின் முன் விவாகமாகாது. அவ்விவாகத்திற் பிறந்த பிள்ளைக்கு முதுசத்தில் உரிமை கோருவதும் அரிது. முதலியார் முதலான பதவிகளுக்கும் இப்பதிவே வாயில். பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாத பெற்றோர் தண்டப்பணம் செலுத்த நேர்ந்தது. வாளுக்கு அஞ்சாதவனையும் காணியுறுதிக்கு அஞ்சவைக்கும் ஏற்பாடு இது.

இவ்வொடுக்குமுறை கத்தோலிக்கரை மட்டும் தாக்கியதன்று. சைவ மக்களும் வெளிப்படையாக வழிபட இயலாதவராய், வீட்டினுள் விளக்கேற்றி விரதங் காத்தனர். விரத நாளில் உண்ட வாழையிலையைப் பிறர் காணாவண்ணம் கூரையிற் செருகி மறைத்த கதை அந்நியராட்சிக் கால நினைவாக யாழ்ப்பாணத்தில் இன்றும் வழங்குகின்றது. ஒரே கிராமத்திற் சைவனும் கத்தோலிக்கனும் பகலிற் பதிவேட்டுக்கு ஒரு முகமும் இரவிற் கடவுளுக்கு வேறொரு முகமுமாக வாழ்ந்த காலம் அது.

வீடே ஆலயமாதல்

இக்காலத்திற் கத்தோலிக்க விசுவாசத்தைத் தாங்கி நின்றவை எவை? முதலாவதாகக் குறிப்பிடத்தக்கது குடும்பம். திருப்பலியும் பாவசங்கீர்த்தனமும் குருவானவரின்றி நடைபெறா. ஆனாற் செபமாலைக்குக் குருவானவர் தேவையில்லை. மனனஞ் செய்த மந்திரங்களைத் தாய் சொல்லப் பிள்ளைகள் திருப்பிச் சொல்வர். எழுத்தறிவோ நூலோ இதற்கு வேண்டியதில்லை. சோதனைக்கு வரும் அதிகாரியின் கையிற் சிக்குவதற்கும் எதுவுமில்லை. ஆலயத்திலே பெருமளவு ஆண்களின் பொறுப்பிலிருந்த சமயம் அடுக்களைக்கும் திண்ணைக்கும் இடம்பெயர்ந்தபோது பெண்களின் பொறுப்பாயிற்று எனலாம். ஆவணங்களில் அவர்தம் பெயர்கள் இல்லை. ஆயினும் ஒரு தலைமுறை கடந்தும் செபங்கள் மறக்கப்படாதிருந்தமைக்கு வேறு விளக்கம் காண்பது கடினம்.

இரண்டாவது, பொதுநிலையினரின் தலைமை. மூப்பர், அண்ணாவியார், சங்கிலித்தாம் எனப்பட்டோர் குருத்துவம் பெற்றவரல்லர், ஊரவரே. மூப்பர் சமூகத்தை வழிநடத்துவார். அண்ணாவியார் செபங்களைச் சொல்லிக்கொடுப்பார். சங்கிலித்தாம் வழிபாட்டிடத்தையும் அதற்குரிய பொருள்களையும் பேணுவார். குருமார் மறைந்து செயற்பட வேண்டியிருந்த ஒல்லாந்தர் காலத்தில் இத்தகையோரே திருச்சபையின் முதுகெலும்பாயினர்.

மூன்றாவது, இடம்பெயர்வு. மாந்தையைச் சேர்ந்த இருபது குடும்பத்தினர் 1670ஆம் ஆண்டளவில் தம் ஆலயத்துத் தேவமாதா திருவுருவத்தை எடுத்துக்கொண்டு காட்டுவழியே சென்று, ஈற்றில் மருதமடுவில் அதனை நிறுவினர் என்பது மரபு. யாழ்ப்பாணத்திலிருந்தும் பலர் வன்னிக் காடுகளை நாடிச் சென்றனர். மடுத்திருப்பதி அரசரின் கொடையால் எழுந்த தலமன்று. வீட்டையும் வயலையும் விட்டோடிய மக்கள், விட்டுவர மனமில்லாத ஒன்றைச் சுமந்து வந்ததனால் எழுந்த தலம் அது.

பிச்சைக்காரராக வந்த குரு

கோவாவில் 1651ஆம் ஆண்டு பிறந்தவர் யோசேவ்வாஸ். கொங்கணி பேசும் பிராமண குலத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவர். 1676இற் குருப்பட்டம் பெற்றார். ஈழத்துக் கத்தோலிக்கரின் நிலையைக் கேள்வியுற்று, கோவாவினின்றும் புறப்பட்டுத் தூத்துக்குடி வந்து, அங்கிருந்து கூலியாளின் வேடத்திற் கடல் கடந்தார். உடனிருந்தவர் யோவான் என்னும் பணியாளர் ஒருவரே.

யாழ்ப்பாணம் வந்தடைந்த அடிகளாரை முதலில் வரவேற்றது கடும் வயிற்றுளைவு நோய். பற்றைக்காட்டோரம் கிடந்த அந்நியருக்குக் கஞ்சி ஊற்றி உயிர் காத்தவள் ஒரு பெண் என அவர் வரலாறு கூறும். அவள் யாரென்று எவரும் எழுதி வைக்கவில்லை. நோய் தீர்ந்த பின்னர் அவர் கழுத்திற் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குச் சென்றார். செபமாலையைக் கண்டு எக்குடும்பத்தினரின் முகம் மாறுகின்றது என்பதைக் கவனித்தார். இவ்வாறே மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரை அவர் இனங்கண்டார். பின்னர் சில்லாலைக் கிராமம் அவருக்குப் புகலிடமாயிற்று. இரவிலே பூசை, பகலிலே மறைவு என வாழ்வு கழிந்தது.

இங்கு ஓர் உண்மை புலப்படுகின்றது. அடிகளார் விசுவாசத்தைப் புதிதாக விதைக்க வேண்டியிருக்கவில்லை. ஏற்கெனவே முளைத்து நின்றதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவர் தம் உயிரைப் பணயம் வைத்தது உண்மை. அவரை மறைத்து வைத்த சில்லாலையாரும் அதே பணயத்தை வைத்தனர். பிரகடனத்தின்படி மரணத்துக்குரியோர் அவர்களே. 1690ஐ அண்டிய ஒரு நத்தார் இரவில் யாழ்ப்பாணத்திற் கூடியிருந்த கத்தோலிக்கரை ஒல்லாந்தப் படையினர் சுற்றிவளைத்துப் பிடித்தனர். தலைவர்கள் சிலர் கசையடிக்கும் சிறைக்கும் உள்ளாயினர். எனினும் அடிகளார் காட்டிக்கொடுக்கப்படவில்லை.

கண்டியிற் கிடைத்த புகலிடம்

ஒல்லாந்தரின் ஆணை செல்லாத இடம் கண்டி இராச்சியம். 1692ஆம் ஆண்டில் அடிகளார் அங்கு சென்றபோது போர்த்துக்கேய ஒற்றர் என்னும் ஐயத்தாற் சிறைப்படுத்தப்பட்டார். காலப்போக்கில் ஐயம் நீங்கியது. வறட்சிக் காலத்தில் அவர் செபித்தபோது மழை பெய்ததனால் மன்னன் மனம் மாறினான் என்பது மரபு. அதனை வரலாற்றாசிரியன் அளந்து கூற இயலாது. ஆனால் 1697இற் பரவிய பெரியம்மை நோயின்போது நிகழ்ந்தது ஐயத்துக்கு இடமற்றது. நோயுற்றோரை உற்றாரே காட்டிற் கைவிட்டு ஓடிய வேளையில், அடிகளாரும் அவருக்குத் துணையாக வந்த குருவானவர் யோசே கர்வாலோவும் அந்நோயாளருக்கு உணவூட்டினர், புண்களைக் கழுவினர், இறந்தோரை அடக்கஞ் செய்தனர். நோயாளர் எச்சமயத்தவர் என்று அவர்கள் வினவவில்லை.

பௌத்த மன்னனான இரண்டாம் விமலதர்மசூரியன் அடிகளாருக்குப் பணியாற்றும் சுதந்திரம் அளித்தான். கிறிஸ்தவரைக் கிறிஸ்தவ அரசு வேட்டையாடிய காலத்தில் அவர்களுக்குப் புகலிடம் தந்தவன் பௌத்த அரசன். ஈழத்துச் சமய வரலாற்றில் நாம் மறக்கக்கூடாத பக்கம் இது.

1705ஆம் ஆண்டில் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமிகள் இப்பணிக்கு மொழியின் வலிமையைச் சேர்த்தார். சிங்களத்திலும் தமிழிலும் அவர் நூல்கள் பல எழுதினார். அவர் இயற்றிய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்திற் பாடுகளை நினைவுகூரும் வழிபாட்டின் பகுதியாயிற்று. துன்புற்ற மக்கள் தம் துயரை இயேசுவின் துயரோடு இணைத்துத் தம் தாய்மொழியிலே புலம்பிய அக்கணத்தில், வெளிநாட்டுச் சமயம் என்னும் பெயர் பொருளற்றுப் போயிற்று. யோசேவ்வாஸ் அடிகளார் 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் திகதி கண்டியிற் காலமானார். ஈழத்திற் கால் பதித்தபின் அவர் தம் தாயகத்துக்கு ஒருமுறையேனும் திரும்பியிலர்.

வரலாற்றின் தீர்ப்பு

1796இல் ஒல்லாந்தர் ஆட்சி முடிவுற்றது. ஆங்கிலத் தேசாதிபதி மெயிற்லன்ட் 1806ஆம் ஆண்டிற் கத்தோலிக்கர் மீதான தடைகளை நீக்கினார். அவ்வேளையில் இரு காட்சிகள் ஒருங்கே வெளிப்பட்டன. ஒல்லாந்தரின் பதிவேடுகளிற் சீர்திருத்தக் கிறிஸ்தவராகப் பதியப்பட்டிருந்த இலட்சக்கணக்கானோர், பதிவின் கட்டாயம் தளர்ந்ததும் தம் பழைய சமயங்களுக்குத் திரும்பினர். தேவாலயங்கள் பல பாழடைந்தன. ஒன்றரை நூற்றாண்டாகத் தடைசெய்யப்பட்டிருந்த கத்தோலிக்கரோ ஒழுங்கமைந்த சமூகமாக வெளிவந்தனர்.

இதனைக் கத்தோலிக்கத்தின் வெற்றியாகவும் புரட்டஸ்தாந்தத்தின் தோல்வியாகவும் கொள்வது தவறு. 1814இல் வந்த வெஸ்லியன் மிசனரிமாரும், 1816இல் வந்த அமெரிக்க மிசனரிமாரும் அரச கட்டாயமின்றிப் பள்ளிக்கூடத்தாலும் அச்சகத்தாலும் வைத்தியசாலையாலும் பணியாற்றியபோது, புரட்டஸ்தாந்த சமயமும் யாழ்ப்பாணத்தில் உண்மையாக வேரூன்றியது. போர்த்துக்கேயரின் கட்டாயத்தால் வந்த கத்தோலிக்கரிலும் பலர் 1658இன் பின்னர் உதிர்ந்தே போயினர். இரு சபைகளுக்கும் பொதுவான பாடம் ஒன்றே: பதவிக்காக ஏற்ற நம்பிக்கை பதவியோடு போகும், முதுசத்தை இழக்கத் துணிந்து காத்த நம்பிக்கை அடுத்த தலைமுறைக்கு முதுசமாகும்.

இப்பாடம் பதினேழாம் நூற்றாண்டோடு முடிந்துவிடவில்லை. எமது நாட்டின் போர்க்காலத்தில் மடுத்திருப்பதி பல்லாயிரம் அகதிகளுக்குப் புகலிடமாயிற்று. 2008ஆம் ஆண்டு ஏப்ரலிற் போர் அத்தலத்தை நெருங்கியபோது, குருமார் மாதாவின் திருவுருவத்தை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குச் சென்றனர். மாந்தையிலிருந்து புறப்பட்டோர் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் செய்ததை அவர்தம் வழித்தோன்றல்கள் மீண்டும் செய்தனர். அத்திருவுருவம் அதே ஆண்டில் மடுவுக்குத் திரும்பியது. திரும்பிவராத மக்கள் எத்தனையோ பேர்.

2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலிற் பாப்பரசர் பிரான்சிஸ் யோசேவ்வாஸ் அடிகளாரைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தார். அவ்வுயர்வு அவருக்குத் தகும். ஆயினும் அவர் வருமுன்னரே முப்பது ஆண்டுகள் இருளில் விளக்கணையாது காத்தவர்களும், நோயுற்றுக் கிடந்த அந்நியருக்குக் கஞ்சி வார்த்தவளும் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஈழத்துத் திருச்சபையின் வரலாற்றை எழுதப் புகுவோர் அவர்களிடமிருந்தே தொடங்குதல் வேண்டும்.