ஆசான் வழியும் தன் வழியும்

சென்னைக் கடற்கரையில் உழைப்பாளர் சிலையைக் கண்டோர் பலர். பெரும் பாறையொன்றை நால்வர் நெம்பிப் புரட்டுகின்றனர். நரம்பும் தசையும் புடைத்து நிற்கின்றன. காடழித்துத் தோட்டம் கண்ட குடும்பங்களிற் பிறந்த மலேசியத் தமிழர்க்கு அந்த நால்வரும் அயலாராகத் தோன்றமாட்டார். 1959-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அச்சிலையை வடித்தவர் வங்காளத்தைச் சேர்ந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி.

அவருக்கு ஓவியம் பயிற்றியவர் அவனீந்திரநாத தாகூர். அஜந்தாச் சுவரோவியங்களிலும் முகலாயச் சிற்றோவியங்களிலும் உள்ளம் தோய்ந்து, நீர்வண்ணத்தை மென்மையாகக் கசியவிட்டு வரைந்தவர் அவர். அந்த மென்மைக்கும் இந்த முறுக்கேறிய தசைக்கும் உறவு யாது? ஆசானிடம் மாணவர் பெற்றதுதான் என்ன?

விடை காண அவர் தலைமை ஏற்ற சென்னைக் கலைப்பள்ளியைப் பார்த்தல் வேண்டும். 1850-இல் அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய அப்பள்ளி, நெடுங்காலம் கைத்தொழிற் பயிற்சிக்கே பெயர் பெற்றிருந்தது. 1929-இல் அதன் முதல் இந்தியத் தலைவராக அமர்ந்த ராய் சௌத்ரி, ஓவியத்தையும் சிற்பத்தையும் முன்னிடத்திற்குக் கொணர்ந்தார்.

1936-இல் அங்கு மாணவராகச் சேர்ந்தார் கே. சி. எஸ். பணிக்கர். 1911-இல் கோயம்புத்தூரிற் பிறந்தவர். குடும்பச் சுமையால் தந்தி இலாகாவில் வேலை பார்த்தவர். கேரளத்துத் தென்னஞ்சோலைகளையும் நீரோடைகளையும் நீர்வண்ணத்தில் அழகுற வரைந்து பெயரும் பெற்றார். அத்துடன் நின்றிருந்தால் நல்ல இயற்கைக் காட்சி ஓவியராகவே அவர் காலம் கழிந்திருக்கும். 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை அமைத்தார். 1954-இல் இலண்டனிலும் பாரிசிலும் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். மேனாட்டுப் பாணியில் தேர்ந்துவிட்ட தம் கையில் தம் நாட்டிற்கு உரியது எது என்னும் வினா அவரை வாட்டியது.

விடை கோயிற் சிற்பத்திலிருந்து வரவில்லை. ஜாதகக் கட்டம், ஓலைச்சுவடி எழுத்து, கணக்கேட்டின் இலக்கங்கள், இவற்றிலிருந்தே வந்தது! 1963 முதல் அவர் தீட்டிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் எழுத்துப் போன்ற கோடுகள் நிறைந்திருக்கும். எவராலும் அவற்றைப் படிக்க இயலாது. பாட்டன் வீட்டுப் பரணில் கிடந்த ஓலைக்கட்டை அவிழ்த்துப் பார்க்கும் உணர்வு மட்டும் எழும். ஆசானின் தூரிகையசைவை அப்படியே பின்பற்றுவதைக் குருபக்தி என்பார் உளர். அதனைச் சோம்பல் என்றலே தகும். ராய் சௌத்ரியின் சாயல் இவ்வோவியங்களில் சிறிதும் இல்லை. தாகூரை விட்டு விலகித் தம் வழி கண்டவரிடம் பயின்றவர், அவரை விட்டும் விலகத் துணிந்தார்.

1957-இல் அப்பள்ளியின் தலைவரான பணிக்கர், மாணவர்தம் வயிற்றையும் மறந்தாரில்லை. பட்டயம் பெற்று வெளியேறும் இளைஞன் ஓவியத்தால் வாழ வழியின்றி வேறு வேலைக்குப் போய்விடுவான். அவன் கலை அத்துடன் மடியும். ஆகவே ‘பாத்தேக்’ துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றுப் பொருளீட்டி, 1966-இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிச் ‘சோழமண்டலம்’ என்னும் ஓவியர் கிராமத்தை அவர்கள் அமைத்தனர். பாத்தேக் நம் நாட்டவர்க்குப் பழகிய துணி. அங்கோ அது ஓவியனின் உலைக்கு அரிசியாயிற்று. பணிக்கர் 1977-இல் மறைந்தார், கிராமம் நிலைத்தது.

அதே பள்ளியில் பயின்று ஆசிரியராகி, ஔவையாரையும் பெரியாரையும் சிலையாக்கிய மயிலாப்பூர் எஸ். தனபால் 1972-இல் அதன் தலைமையை ஏற்றார். அக்காலத்தில் அங்கு பயின்றவர்களுள் ஒருவர் மலேசிய ஓவியர் சையது தாஜுதீன். பிறந்தது 1943-இல், இராமநாதபுரம் சீமையின் அழகன்குளத்தில். அகழாய்வில் கப்பல் கீறிய பானையோடு கிடைத்த பழந்துறைமுகம் அது. வளர்ந்தது பினாங்கில். சென்னையில் அவர் கண்டெடுத்தது அஜந்தாவின் வளைகோடு. தாகூரின் உள்ளத்தைக் கவர்ந்த அதே அஜந்தா, இடையில் இருவர் அதனை விட்டு விலகிய பின்னர், பினாங்குப் பிள்ளையின் கையில் மீண்டது. 1972-இல் அவர் தீட்டிய பெரிய ஓவியத்தின் பொருள், சீதையை அனுமன் கண்ட காட்சி. கோலாலம்பூர்த் தேசியக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் அது இடம்பெற்றிருக்கிறது.