ஓலை யாருக்கு? எழுத்து யாருக்கு? – பதிப்புரிமை கைமாறிய வரலாறும் இன்றைய என்.எஃப்.டி. வாணிகமும்

காரோடு, பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு நிலம் வாங்குகிற விஷயத்தில் யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. தீராதாரம் எழுதி ரெஜிஸ்டர் செய்தால் மட்டும் போதாது. வில்லேஜ் ஆபீசில் போக்குவரவு முடிந்து, நம் பெயரில் கரம் தீர்த்த ரசீது கைக்கு வந்தால்தான் ராத்திரி தூக்கம் வரும். விற்கிறவனுக்கு அதில் என்ன பாத்தியதை, முன் ஆதாரம் எங்கே, ஒற்றி ஏதும் கிடக்கிறதா என்று விசாரிக்காமல் முன்பணம் கொடுக்க மாட்டோம். இவ்வளவு ஜாக்கிரதையான நாம், வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் கணினித் திரையில் உள்ள படம் ஒன்றைக் காட்டி, "இதை வாங்கிட்டேன்" என்று சொல்லும்போது, "எதை வாங்கினே?" என்று திருப்பிக் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை வரலாற்றின் துணையோடு கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு நிலம், பல உரிமை

பழைய திருவிதாங்கூரில் ஒரே கண்டம் நிலத்தில் ஜன்மம் ஒருவருக்கு, காணம் இன்னொருவருக்கு, பாட்டம் மூன்றாமவருக்கு என்று உரிமைகள் அடுக்கடுக்காக இருந்தன. நிலம் ஒன்றுதான், அதில் உள்ள உரிமைகள் பல. ஒன்றை விற்றால் மற்றவையும் கூடவே போய்விடும் என்று யாரும் நினைத்ததில்லை.

ஆதாரத்துக்கும் பொருளுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு நம் பக்கத்திலேயே பழஞ்சான்று உண்டு. ஆய் மன்னன் கருநந்தடக்கன் முன்சிறைச் சபையாரிடமிருந்து நிலத்தை மாற்றாகப் பெற்று, பார்த்திவசேகரபுரத்தில் விஷ்ணு கோயிலும் சாலையும் அமைத்த செய்தியைக் கி.பி. 866ஆம் ஆண்டுச் செப்பேடு கூறுகிறது. அவ்வூர் இன்று குமரி மாவட்டத்துப் பார்த்திவபுரம். செப்பேடோ திருவனந்தபுரம் ஹஜூர் கச்சேரியில் இருந்தமையால் 'ஹஜூர் ஆபீஸ் செப்பேடு' என்றே ஆய்வாளர்களிடையே பெயர் பெற்றது. செப்பேடு கச்சேரிக்குப் போனதால் பார்த்திவபுரத்து நிலம் கச்சேரிக்குப் போய்விடவில்லை. சாட்சி வேறு; சாட்சி சொல்லப்படும் பொருள் வேறு. இதை மனதில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

ஓலைக்கு உடையவர் உண்டு, எழுத்துக்கு இல்லை

ஏட்டுச்சுவடிக் காலத்தில் சுவடிக்குச் சொந்தக்காரர் இருந்தார். அதில் எழுதப்பட்ட நூலுக்கு அவ்வாறு ஒருவர் இல்லை. சமண மரபில் உணவு, மருந்து, அபயம் ஆகியவற்றோடு சாத்திரமும் நால்வகைத் தானங்களுள் ஒன்று. நூலைப் படியெடுத்துக் கொடுப்பது புண்ணியம். கன்னட நாட்டில் அத்திமப்பே என்ற சமணப் பெருமாட்டி, பொன்னகவியின் சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்துத் தானம் செய்தது பத்தாம் நூற்றாண்டுச் செய்தி. 1887இல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது கும்பகோணத்துச் சமணர்கள் உரைப்பொருளில் அவருக்குத் துணை நின்றனர். திருத்தக்கதேவர் பாட்டுக்கு எவரும் உரிமை கொண்டாடவில்லை.

அச்சு எந்திரம் வந்தபிறகு கதை மாறிற்று. ஒரு படி எழுத மாதக்கணக்கான உழைப்பு வேண்டியிருந்த காலத்தில் படியெடுக்கும் உரிமைக்கு விலையில்லை. ஒரே நாளில் ஆயிரம் படி போடலாம் என்றானதும் அந்த உரிமையே சரக்காகிவிட்டது.

ரவிவர்மாவின் கல்லச்சு

கிளிமானூர் ரவிவர்மாவின் ஓவியங்கள் அரண்மனைகளில் தொங்கின. அவற்றை நிறம் மாறாமல் கல்லச்சில் பதித்துப் பலருக்கும் கிடைக்கச் செய்யலாம் என்ற யோசனையை அவருக்குச் சொன்னவர், திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த கும்பகோணத்துக்காரர் சர் டி. மாதவராவ். 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கப்பட்டது. லட்சுமியும் சரஸ்வதியும் நம் வீட்டுப் பூசையறைச் சுவர்களுக்கு வந்தது அப்படித்தான். ஆனால் அச்சகத்தில் கடன் ஏறியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷ்லெய்ஷர் என்ற ஜெர்மானியத் தொழில்நுட்பருக்கு அச்சகம் விற்கப்பட்டது. படங்களை அச்சிடும் உரிமையும் கூடவே சென்றது.

இங்கே மூன்று தரப்பாரைப் பாருங்கள். மூல ஓவியம் அரசரிடம்; அச்சிடும் உரிமை ஷ்லெய்ஷரிடம்; அச்சிட்ட தாள் நம் பாட்டியிடம். மூவருமே "ரவிவர்மா படம் என்கிட்ட இருக்கு" என்று சொல்லலாம். மூவரும் சொல்வது உண்மை. ஆனால் மூவரும் வைத்திருப்பது ஒன்றல்ல.

ஒரு வைர வியாபாரி வாங்கிய பாரதி

உரிமை வாங்கி விற்ற வரலாற்றில் தமிழர் மறக்கக்கூடாதது பாரதியார் பாடல்களின் கதை. 1921 செப்டம்பரில் பாரதியார் மறைந்தார். அன்றைய சட்டப்படி ஆசிரியர் இறந்து 50 ஆண்டு, அதாவது 1971 வரை, உரிமை நீடிக்க வேண்டும். செல்லம்மா பாரதி 'பாரதி ஆச்ரமம்' என்ற பெயரில் நூல்களை வெளியிட்டார். பின்பு உரிமை பாரதி பிரசுராலயத்துக்கும், நாளடைவில் கவிஞரின் தம்பி சி. விசுவநாதனுக்கும் வந்து சேர்ந்தது.

புத்தகமாக அச்சிடும் உரிமையைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, இசைத்தட்டு, ஒலிபரப்பு உரிமையை மட்டும் அவர் 1934இல் விற்றார். வாங்கியவர் பதிப்பாளரும் அல்லர், பாடகரும் அல்லர். சென்னையில் சுராஜ்மல் நகைக்கடை நடத்திய ஜெசிங்லால் மேத்தா என்ற குஜராத்தி வைர வியாபாரி. விலை ஐந்நூறு ரூபாய்க்கும் குறைவு. சில ஆண்டு கழித்து ஏ.வி. மெய்யப்ப செட்டியார் அதே உரிமையை அவரிடமிருந்து பத்தாயிரத்தை ஒட்டிய தொகைக்கு வாங்கினார். கிட்டத்தட்ட இருபது மடங்கு! வியாபாரி என்ற முறையில் மேத்தாவின் கண்ணைப் பாராட்டத்தான் தோன்றுகிறது. அந்த லாபத்தில் கவிஞரின் குடும்பத்துக்குச் சல்லிக்காசு வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விற்ற பின் ஏறிய விலை விற்றவருக்கு இல்லை என்பதுதான் அன்றைய விதி.

1947இல் வந்த ஏவிஎம்மின் 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாள் குரலில் பாரதி பாடல்கள் ஊரெங்கும் ஒலித்தன. அடுத்த ஆண்டு டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடலைப் பயன்படுத்தியபோது ஏவிஎம் சட்ட நடவடிக்கையில் இறங்கியது. பாரதி பாட்டைப் பாட ஒரு கம்பெனியிடம் அனுமதி கேட்பதா என்று தமிழ்நாடு கொதித்தது. எழுத்தாளர்களும் நாடகக்காரர்களும் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசிடம் முறையிட்டனர். மெய்யப்ப செட்டியார் தம் உரிமையைப் பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். 1949இல் பாரதி படைப்புகள் அரசுடைமையாயின. குடும்பத்தாருக்கு அரசு தொகை வழங்கியது. பின்னர் 1955இல் அவை மக்களின் பொதுவுடைமையாக அறிவிக்கப்பட்டன.

இதில் ஒன்றை ஊன்றி நோக்க வேண்டும். பாரதியின் கையெழுத்துப் பிரதி எதையும் கையில் வைத்துக்கொண்டு ஏவிஎம் வழக்காட வரவில்லை. கையில் இருந்தது எழுதி வாங்கிய உரிமை. அந்தக் காகிதம் ஒன்றே, அடுத்தவர் படத்தில் வந்த பாட்டைத் தடுக்க முனையும் வல்லமையைத் தந்தது.

ஆறு கோடி டாலர்த் தமிழர்

இனி இதன் தலைகீழ் வடிவத்தைக் காண்போம். 2021 மார்ச் 11 அன்று கிறிஸ்டி ஏலக் கம்பெனியில், பீப்பிள் என்ற புனைபெயர் கொண்ட அமெரிக்க ஓவியர் மைக் விங்கெல்மன் ஆக்கிய டிஜிட்டல் படம் ஒன்று 6 கோடியே 93 லட்சம் டாலருக்கு விலைபோனது. 2007 மே முதல் நாள்தோறும் ஒன்றாக அவர் உருவாக்கிய 5000 படங்களின் தொகுப்பு அது. ஏலம் தொடங்கியது வெறும் 100 டாலரில். 'மெட்டாகோவன்' என்ற பெயரில் மறைந்திருந்த வாங்கியவர் ஒரு வாரத்தில் தம்மை வெளிப்படுத்திக்கொண்டார். சிங்கப்பூரில் வாழும் தமிழர் விக்னேஷ் சுந்தரேசன்!

அவர் வாங்கியது என்.எஃப்.டி. ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாத அடையாளச் சீட்டு என்று இதற்குப் பொருள் சொல்லலாம். பிளாக்செயின் என்பது பலருடைய கணினிகளில் ஒரே சமயத்தில் எழுதப்படுகிற, பின்னால் யாரும் அழித்து எழுத முடியாத ஒரு பேரேடு. இந்தச் சீட்டு இன்னாருடையது என்று அதில் பற்று வைக்கப்படும். பெரும்பாலும் படம் அந்தப் பேரேட்டுக்குள் இருப்பதில்லை. படம் இருக்கும் இடத்தின் விலாசம்தான் இருக்கும்.

அப்படியானால் அத்தனை கோடிக்கு அவருக்குக் கிடைத்தது என்ன? சீட்டும், படத்தைக் காட்சிக்கு வைக்கும் உரிமையும். பதிப்புரிமை பீப்பிளிடமே இருக்கிறது. அதே படத்தை நீங்களும் நானும் அலைபேசியில் பார்க்கலாம். அதைப் பனியனில் அச்சிட்டு ஒருவன் விற்றால் பதிப்புரிமை வழக்குப் போட வேண்டியவர் பீப்பிளே தவிர சுந்தரேசன் அல்லர். அவர் இதைத் தெரிந்தே வாங்கினார். தெரியாமல் வாங்குகிறவர்களைப் பற்றித்தான் நம் கவலை.

சுருங்கச் சொன்னால், மெய்யப்ப செட்டியாரிடம் பொருள் இல்லை, உரிமை இருந்தது. சுந்தரேசனிடம் பொருள் இருக்கிறது, உரிமை இல்லை. நம்ம கடைத்தெருப் பேச்சில் சொன்னால், "சாதனம் கைமாறிச்சு, பாத்தியதை கைமாறலே."

இது புரியாமல் ஏமாந்தவர்கள் படிக்காதவர்கள் அல்லர். 2021 நவம்பரில் ஒரு முதலீட்டுக் குழு, எடுக்கப்படாமலே போன 'டியூன்' படத்துக்கு இயக்குநர் ஹோடரோவ்ஸ்கி தயாரித்திருந்த அரிய தொகுப்பு நூலின் ஒரு பிரதியைப் பாரிஸில் 26 லட்சம் யூரோவுக்கு மேல் கொடுத்து ஏலத்தில் எடுத்தது. அதை வைத்துக் கார்ட்டூன் தொடர் எடுப்போம் என்றும் அறிவித்தது. புத்தகம் வாங்கியவருக்குக் கதை சொந்தமில்லை என்று உலகமே சிரித்தது.

மறுவிற்பனையில் வரும் சிக்கல்கள்

முதலாவது, விற்பவனின் பாத்தியதை. இந்தச் சீட்டை வெளியிடும் பெரிய சந்தையான ஓபன்சீ, தன் இலவச வசதியைக் கொண்டு உருவாக்கப்பட்டவற்றில் 80 சதவீதத்துக்கு மேல் பிறர் படைப்பைத் திருடியவையும் போலிகளும் குப்பைகளும்தான் என்று 2022 ஜனவரியில் தானே ஒப்புக்கொண்டது. பேரேட்டில் உள்ள பற்று, சீட்டு யார் கைக்கு வந்தது என்பதைப் பொய்யில்லாமல் சொல்லும். முதலில் விற்றவனுக்கு விற்க உரிமை இருந்ததா என்பதைச் சொல்லாது. முன் ஆதாரம் பார்க்காமல் செய்த போக்குவரவு போல இது.

இரண்டாவது, உரிமம் சீட்டோடு போகும் வகை. 'போர்ட் ஏப்' என்ற குரங்குப் படங்களை வாங்கியவர்களுக்கு அப்படத்தைத் தொழிலில் பயன்படுத்தும் அனுமதி உண்டு. ஆனால் சீட்டு கையில் இருக்கும்வரைதான். அமெரிக்க நடிகர் சேத் கிரீன் தம் குரங்கை நாயகனாக்கித் தொடர் எடுக்கத் திட்டமிட்டிருந்தபோது, 2022 மே மாதம் மோசடியில் சீட்டுப் பறிபோனது. இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் கொடுத்துத் தம் பொருளைத் தாமே திரும்ப வாங்கினார்.

மூன்றாவது, விற்றவரே பின்னால் விதியை மாற்றுவது. 'மூன்பேர்ட்ஸ்' படங்களை வாங்கியவர்கள் தங்களுக்கே தனியுரிமை என்று நினைத்திருந்தனர். 2022 ஆகஸ்டில் நிறுவனம், இனி இவற்றை யாரும் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விட்டுவிட்டது. பாரதியை மக்களுக்குக் கொடுத்தபோது உடையவர்கள் இசைந்து கொடுத்தார்கள். இங்கே வாங்கியவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான்காவது, படைத்தவரின் பங்கு. மறுவிற்பனை ஒவ்வொன்றிலும் ஓவியருக்குச் சிறு சதவீதம் தானாகப் போய்ச் சேரும் என்பதே என்.எஃப்.டி.யின் பெரிய பெருமையாகச் சொல்லப்பட்டது. 2023 ஆகஸ்டில் ஓபன்சீ அதைக் கட்டாயமாக வசூலிப்பதை விட்டு, விற்பவர் விருப்பமாக்கத் தொடங்கியது. நம் நாட்டுச் சட்டம் இந்த எண்ணத்தை முன்பே தொட்டிருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவு, மூல ஓவியமோ சிற்பமோ கையெழுத்துப் பிரதியோ 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் படைத்தவருக்கு 10 சதவீதம் வரை பங்கு உண்டு என்கிறது. பாரதி குடும்பத்துக்குக் கிட்டாத நியாயம் ஏட்டளவிலாவது இருக்கிறது.

அதே சட்டத்தில் நம் பிள்ளைகள் அறிய வேண்டியவை இன்னும் உண்டு. உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். எத்தனை ஆண்டு என்று சொல்லாவிட்டால் 5 ஆண்டுதான். எந்த நாடு என்று சொல்லாவிட்டால் இந்தியா மட்டும்தான். எழுதிக்கொடுத்த நாளில் இல்லாத ஒரு புதிய ஊடகத்துக்கான உரிமை, அதைக் குறிப்பாகச் சொல்லாவிட்டால் மாறாது என்று 2012ஆம் ஆண்டுத் திருத்தம் காப்பளிக்கிறது. வரியும் கவனத்தில் இருக்கட்டும். 2022 ஏப்ரலில் வந்த விதிப்படி இவ்வகை லாபத்துக்கு 30 சதவீத வரி. நட்டம் வந்தால் வேறு வருமானத்தில் கழிக்க வழியில்லை.

முடிவுரை

கேரளத்தில் வளரும் நம் பிள்ளைகளில் படம் வரைகிறவர்களும் உண்டு, வாங்குகிறவர்களும் உண்டு. வாங்குகிறவர் நான்கு கேள்வி கேட்கட்டும்: விற்கிறவருக்கு உரிமை எப்படி வந்தது? எனக்குத் தருவது சீட்டா, பார்க்கும் அனுமதியா, அச்சிடும் உரிமையா? நான் விற்றால் அதில் எது என்னை விட்டுப் போகும்? விதியை மாற்றும் அதிகாரம் யாரிடம்? வரைகிறவர், சீட்டை விற்றாலும் உரிமையை எழுதிக்கொடுக்கும் முன் பாரதி குடும்பத்தை நினைத்துக்கொள்ளட்டும்.

கருநந்தடக்கன் நிலம் பெற்றபோது எந்த நிலம், யாரிடமிருந்து, எதற்கு மாற்றாக என்று செம்பிலே வெட்டி வைத்தான். ஆயிரத்து நூறு ஆண்டு தாண்டியும் நாம் அதைப் படிக்க முடிகிறது. செம்பு போய்த் திரை வந்திருக்கலாம். எதை வாங்கினோம் என்று தெளிவாக எழுதி வாங்கும் வழக்கத்தை மட்டும் நாம் விட்டுவிடக் கூடாது.