மலையகமும் தேர்தல் ஆதரவும்: வாக்கற்றோர் பெயரால் நிகழ்ந்த அரசியல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தேர்தல் அறிவிக்கப்பட்டதும் நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டங்களில் எழும் முதல் வினா, போட்டியிடுவோர் யார் என்பதன்று. சங்கம் யாருக்கு ஆதரவு என்பதேயாகும். தலைமைப்பீடத்தில் எடுக்கப்படும் முடிவு மாவட்டப் பிரதிநிதிகள் வழியாகத் தோட்டத் தலைவர்களுக்கும், அவர்கள் வழியாக லயங்களுக்கும் இறங்கிவரும். இவ்வழக்கத்தைத் தோட்டத் தொழிலாளரின் கல்வியறிவின்மைக்கோ தலைமை வழிபாட்டுக்கோ உரிய சான்றாகக் காட்டுவோர் உளர். மத்தியதர வர்க்கப் பார்வைக்கு அது வசதியான விளக்கமே. ஆயின், வரலாற்றை நோக்குமிடத்து, ஆதரவுப் பிரகடனம் என்பது வாக்குரிமை பறிக்கப்பட்டதொரு பாட்டாளி வர்க்கத்தின் மத்தியில், வாக்கின் இடத்தை நிரப்பும் பொருட்டுத் தோன்றிய ஒரு நிறுவனம் என்பது தெளிவாகும்.

1931 ஆம் ஆண்டு டொனமூர் அரசியலமைப்பின் கீழ் சர்வசன வாக்குரிமை அறிமுகமாயிற்று. நிரந்தர வதிவு பற்றிய கட்டுப்பாடுகளால் இந்திய வம்சாவளியினருள் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேரே முதலில் வாக்காளராகப் பதிவுபெற்றனர். அவ்வாண்டு ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்ற பெரி. சுந்தரம் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். 1936 இல் அதே தொகுதியில் கோ. நடேசய்யர் வெற்றியீட்டினார். தோட்டத்துரைமாரும் பெரியங்கங்காணிகளும் அவரை எவ்வளவு வெறுத்தனரோ, அவ்வளவுக்குத் தொழிலாளர் அவரை அறிந்திருந்தனர். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் நிலையைப் பாடல்களாக்கி மேடைகளிற் பாடினார். எழுத்தறியாத மக்களுக்குப் பாட்டே துண்டுப்பிரசுரமாக அமைந்தது. இலக்கிய மாணவர் இதனைக் கருத்திற்கொள்ளுதல் வேண்டும். அம்மேடைகளின் மொழி தொழிலாளரை முன்னிலையில் விளித்த மொழி. பிற்காலத்து ஆதரவு அறிக்கைகளிலோ முன்னிலையில் நிற்பவர் கட்சித் தலைவராவர். தொழிலாளர் படர்க்கைக்குத் தள்ளப்பட்டுவிடுகின்றனர். ஒரு வர்க்கத்தின் அரசியல் நிலை மாறியமையை இவ்விட மாற்றமே நமக்கு உணர்த்துகிறது.

1947 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தன் வேட்பாளரை நேரடியாகவே நிறுத்தியது. நுவரெலியாவில் சௌ. தொண்டமானும் தலவாக்கலையில் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையும் கொட்டகலையில் கு. குமாரவேலுவும் தெரிவாயினர். வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரி வேட்பாளருக்குத் துணைநின்றன. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டிற்குப் பலியான காலந்தொட்டுச் சமசமாஜிகள் தோட்டங்களிற் பெற்றிருந்த செல்வாக்கு இதற்கொரு காரணமாகும். ஆளும் வர்க்கம் இதன் பொருளை நன்குணர்ந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் வதிவோர் சட்டமும், அவ்வாண்டின் 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டமும் மலையகத் தமிழரைப் பெருந்தொகையாக வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றின. இச்சட்டங்களின் இனவாதத்தை மட்டும் பேசுவோர், இடதுசாரி இயக்கத்துக்கு அவை விளைவித்த வர்க்க நட்டத்தை மறந்துவிடுகின்றனர். 1952 ஆம் ஆண்டுச் சத்தியாக்கிரகம் இழந்ததை மீட்கவில்லை.

வாக்கு இல்லை, எனினும் உழைப்பு இருந்தது. நாட்டின் அந்நியச் செலாவணியிற் பெரும்பங்கு தேயிலையிலிருந்தே வந்தது. கொழுந்து பறிக்கப்படாவிடின் கொழும்பு அசையும். இத்தொழிற்பலமே, தேர்தலிற் பங்குகொள்ள இயலாத ஒரு மக்கள் கூட்டத்தின் தலைவரைத் தேர்தற் காலத்தில் விலைமதிப்புடையவராக்கியது. சோல்பரி அரசியலமைப்பு, பிரதிநிதித்துவம் பெறாத நலன்களுக்காக ஆறு உறுப்பினரை நியமிக்க இடமளித்திருந்தது. 1960 ஜூலைத் தேர்தலில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியை ஆதரித்தது. தொண்டமான் நியமன உறுப்பினரானார். ஆதரவு அரசியலின் மூலவடிவம் இதுவே. தொழிலாளரின் சம்மதம் கேட்கப்படவில்லை. கேட்பதற்குரிய வாக்குச்சீட்டும் அவர்களிடம் இருக்கவில்லை. சங்கத்தின் மாதச் சந்தாப் பட்டியலே வாக்காளர் இடாப்பின் பதிலியாயிற்று. ‘என் பின்னால் இத்தனை இலட்சம் பேர்’ என்ற கூற்று சந்தாவைச் சுட்டியது, வாக்கையன்று.

அப்பதிலியின் பலம் எத்தகையது என்பது நான்கே ஆண்டுகளில் வெளிப்பட்டது. 1964 அக்டோபரில், தாம் ஆதரித்த அதே அரசாங்கத்தின் பிரதமர் இந்தியப் பிரதமருடன் கைச்சாத்திட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கி, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் தீர்மானிப்பதற்கென விட்டது. ஆதரவுப் பேரத்திற் பொருளாக இருந்தவர்கள் அரசுகளுக்கிடையிலான பேரத்திலும் பொருளாகவே இருந்தனர். 1965 இல் காங்கிரஸ் ஐக்கிய தேசியக் கட்சியின் பக்கம் சாய்ந்தது. தொண்டமான் மீண்டும் நியமனம் பெற்றார். அவ்வொப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும் 1967 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம் அந்த அரசாங்கத்தின் காலத்திலேயே நிறைவேறிற்று. 1970 இல் ஐக்கிய முன்னணி வென்றபோது நியமன ஆசனம் போட்டிச் சங்கமான ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர் அப்துல் அஸீஸுக்குச் சென்றது. ஆட்சி மாறினால் ஆள் மாறும், லயம் மாறவில்லை.

ஐக்கிய முன்னணிக் காலத்தைப் பற்றி இடதுசாரிகளாகிய நாம் மௌனஞ் சாதித்தல் நேர்மையன்று. தோட்டங்கள் 1972 இலும் 1975 இலும் அரசுடைமையாயின; அதே காலத்தில், 1973 - 74 இல், தோட்டங்களிற் பட்டினிச் சாவு நிகழ்ந்தது. 1977 மே 11 இல், தோட்டக் காணிப் பங்கீட்டை எதிர்த்த தொழிலாளர் மீது டெவன் தோட்டத்திற் பொலிஸார் சுட்டபோது சிவனு லட்சுமணன் உயிர்நீத்தார். அரசில் இடதுசாரி அமைச்சர்கள் நெடுங்காலம் வீற்றிருந்தும் வாக்கற்ற தொழிலாளர் அவர்தம் கணக்கில் முன்னிடம் பெறவில்லை. இரு மாதங்களின் பின், பல அங்கத்தவர் தொகுதியான நுவரெலியா - மஸ்கெலியாவில் காமினி திசாநாயக்க, அநுர பண்டாரநாயக்க ஆகியோருடன் மூன்றாம் உறுப்பினராகத் தொண்டமான் வெற்றிபெற்றார். 1978 இல் அமைச்சரானார்.

அமைச்சுப் பதவியால் விளைந்ததைக் குறைத்து மதிப்பிடுவது நமது நோக்கமன்று. ஆயினும் ஒன்று மனங்கொள்ளத்தக்கது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம சம்பளம் கிடைத்தது 1984 ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தத்தாலாகும். அமைச்சரவையில் இருந்துகொண்டே தொண்டமான் அதற்குத் தலைமைதாங்கினார் என்பதும், பிற சங்கங்களும் அதில் இணைந்தன என்பதும் உண்மை. அரசாங்கத்தை அசைத்தது கொடுத்த ஆதரவன்று, நிறுத்திய வேலையே. 1988 இல் 39 ஆம் இலக்கச் சட்டம் எஞ்சிய நாடற்றோரிற் பெரும்பாலோருக்குப் பிரசாவுரிமை வழங்கியது. டிசம்பரில் நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தலில் காங்கிரஸ் ஆதரித்த பிரேமதாச 50.43 வீத வாக்குகளால் தெரிவானார். எஞ்சியோரின் பிரச்சினை 2003 ஆம் ஆண்டுச் சட்டத்துடனேயே தீர்ந்தது. 1994 இல் நுவரெலியாவிலிருந்து சென்ற மலையக மக்கள் முன்னணியின் பெ. சந்திரசேகரனது ஒரே ஆசனம், பொதுஜன முன்னணி ஆட்சியமைக்கத் துணையாயிற்று. ஆதரவின் சந்தை விலை அதன் உச்சத்தை எட்டிய தருணம் அதுவெனலாம்.

எனினும் வாக்கு மீண்டதோடு ஆதரவின் அடித்தளம் கரையத் தொடங்கிற்று. முன்பு தலைவரின் கூற்றைச் சரிபார்க்க வழியில்லை. இப்போது வாக்குப்பெட்டி ஒவ்வொரு முறையும் சரிபார்க்கிறது. 2005 இல் காங்கிரஸ் ரணில் விக்கிரமசிங்கவை ஆதரித்தது. மாவட்டமும் அவ்வாறே வாக்களித்தது. அவர் தோற்றபின் காங்கிரஸ் வென்றவரின் அரசாங்கத்திற் சேர்ந்தது. 2010 இலும் 2015 இலும் காங்கிரஸ் மகிந்த ராஜபக்சவை ஆதரிக்க, நுவரெலியா மாவட்டம் முதலில் சரத் பொன்சேகாவையும் பின்னர் மைத்திரிபால சிறிசேனவையும் முன்னிறுத்தியது. 2019 இல் காங்கிரஸ் கோத்தாபய ராஜபக்சவின் பக்கமும் தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித் பிரேமதாசவின் பக்கமும் நின்றன. மாவட்டம் சஜித்துக்கே வாக்களித்தது. நாளொன்றுக்கு ஆயிரம் ரூபா என்ற வாக்குறுதி 2021 இல் சம்பள நிர்ணயச் சபை வழியாக வந்தது. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தைக் கைவிட்டன. சங்கத்தின் பேரம்பேசும் பலம் தேர்தல் மேடைக்கு வெளியே குறைந்துகொண்டிருந்த வேளையிலேயே, மேடையில் அதன் அறிக்கைகள் நீண்டன.

2024 செப்டெம்பரில் காங்கிரஸ் ரணிலையும் கூட்டணி சஜித்தையும் ஆதரித்தன. மாவட்டத்தில் சஜித் முதலிடம் பெற்றார். ரணில் இரண்டாமிடமே அடைந்தார். இதனைக் கொண்டு கூட்டணியின் சொல் காங்கிரஸின் சொல்லினும் வலிது எனச் சிலர் வாதிடலாம். ஆயின் ஏழு வாரங்களின் பின், நவம்பர் 14 இல், அதே மாவட்டத்தின் எட்டு ஆசனங்களில் ஐந்தைத் தேசிய மக்கள் சக்தி வென்றது. அதன் வேட்பாளராகிய கிருஷ்ணன் கலைச்செல்வி நுவரெலியாவிலிருந்தும், அம்பிகா சாமுவேல் பதுளையிலிருந்தும் பாராளுமன்றம் சென்றனர். கொழுந்துக் கூடையைச் சுமப்போரில் மிகப்பெரும்பான்மையோர் பெண்களாயிருக்கும் மலையகத்திலிருந்து தமிழ்ப் பெண்கள் அவைக்குத் தெரிவாவது அதுவே முதன்முறையாகும்; முதலாவது அரசாங்க சபைத் தேர்தல் நடந்து அப்போது 93 ஆண்டுகள் கழிந்திருந்தன.