ஓர் உபகாரச் சம்பளத்தின் வரலாறு

நம் சங்கத்தின் கல்வி நிதிக்கு இவ்வாண்டு வந்த விண்ணப்பங்களுள் ஒன்று, காடுகளையும் செடிகொடிகளையும் காப்பது பற்றிய படிப்பிற்கு உதவி வேண்டி வந்தது. பொறியியல், மருத்துவம் என்றால் உடனே கையொப்பமிடும் நாம், இத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "இதனைப் படித்தால் என்ன உத்தியோகம்?" என்று ஒருவரையொருவர் நோக்கினோம். அவ்வினாவே இச்சிறு வரலாற்றை எழுதத் தூண்டிற்று.

லோஹேகாவில் வாழும் நமக்குப் புனே நகரத்துக் கோரேகாவ் சாலை தெரியாததன்று. இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் மேற்கு வட்ட அலுவலகம் அங்கேதான் உள்ளது. மேற்கு மலைத் தொடரின் செடிகொடிகளை உலர்த்தி, தாளில் ஒட்டி, பெயரும் ஊரும் குறித்துக் காத்துவரும் இடம் அது. 1955ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. கோயமுத்தூரிலுள்ள தெற்கு வட்டமும் அவ்வாண்டினதே. 1890இல் அமைந்து பின் நலிந்துபோன அந்நிறுவனத்தைச் சீரமைக்க நேரு அவர்கள் 1951இல் அழைத்தது ஜானகி அம்மாள் என்னும் பெண்மணியை.

அம்மையார் 1897இல், அந்நாளைய சென்னை மாகாணத்து மலபாரில், தலச்சேரியில் பிறந்தவர். சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியரானார். வீட்டில் உறவு முறையில் மணம் பேசிக்கொண்டிருந்தனர். அவ்வேளையில், 1924இல், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக் கழகத்து பார்பர் உபகாரச் சம்பளம் கிடைத்தது. அம்மையார் கப்பலேறினார்.

அச்சம்பளத்தின் கதையும் சுவையானது. டெட்ராய்ட் வழக்கறிஞர் லீவை பார்பர், கீழ்த்திசை நாடுகளில் பயணம் செய்தபோது, மிச்சிகனில் மருத்துவம் கற்றுத் தாயகம் திரும்பிய ஆசியப் பெண்கள் ஆற்றிய தொண்டைக் கண்டார். 1917இல் ஆசியப் பெண்களுக்கென்றே நிதி அமைத்தார். கற்றவர் தம் நாட்டிற்குப் பயன்பட வேண்டும் என்பதே அவர் நோக்கம். என்ன உத்தியோகம் என்று அவர் கேட்கவில்லை போலும்!

அமெரிக்கத் துறையில் அம்மையாரை நிறுத்திவைத்தனர் என்றும், பட்டாடையைக் கண்டு "இந்திய இளவரசியோ?" என்று வினவினர் என்றும், அவர் மறுக்காமலே உள்ளே சென்றார் என்றும் சொல்வர். 1926இல் முதுகலைப் பட்டமும், 1931இல் டாக்டர் பட்டமும் பெற்றார். கோயமுத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து புதுப் பயிர் கண்டார். பின்னர் இங்கிலாந்து சென்று, 1945இல் டார்லிங்டனுடன் பயிர்ச் செடிகளின் குரோமோசோம்களைத் தொகுத்து நூல் வெளியிட்டார். மனிதனால் பூமியின் முகம் மாறுவது பற்றி 1955இல் பிரின்ஸ்டனில் அறிஞர் கூடியபோது, அவையில் இருந்த ஒரே பெண் அவரே.

பாலக்காட்டு மலையில் குந்திப்புழை ஆற்றின் குறுக்கே மின்சாரத்திற்காக அணை கட்டினால் அமைதிப் பள்ளத்தாக்கின் காடு மூழ்கும் என்று கிளர்ச்சி எழுந்தபோது அம்மையாருக்கு எண்பது வயதை ஒட்டியிருந்தது. எதிர்த்து நின்றதோடு, அக்காட்டு மரங்களின் குரோமோசோம்களை ஆராயவும் முனைந்தார். 1984 பிப்ரவரியில் மறைந்தார். அவ்வாண்டு நவம்பரில் அக்காடு தேசியப் பூங்கா ஆயிற்று.

அவர் முன்பு பணியாற்றிய இங்கிலாந்து ஜான் இன்னஸ் நிலையம், வளரும் நாடுகளின் மாணவர்க்கென ஓர் உபகாரச் சம்பளம் நிறுவி, அதற்கு ஜானகி அம்மாள் பெயரையே சூட்டிற்று. நம் செயற்குழு கூடும் நாளில் அந்த விண்ணப்பம் மீண்டும் மேசைக்கு வருகிறது.